காதுக்குள்ளே "ஙொய்ங்" சத்தமா? எண்ணெய் ஊற்றாதே, நாளைக் கடத்தாதே!

ஏலமலை அடிவாரத்தில் தூக்கத்தைக் கெடுக்கும் காது இரைச்சல்

போடிநாயக்கனூர் அடங்க ராத்திரி நெடுநேரம் ஆகும். கடைத்தெருவில் ஷட்டர்கள் இறங்க வேண்டும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய் வந்த ஜீப்புகள் ஓய வேண்டும். அதன்பிறகு மலைக்காற்று வீசும் ஓசையைத் தவிர ஊரில் சத்தம் இருக்காது.

அந்த நேரத்தில்தான் சிலருக்கு வேதனை ஆரம்பம்! வெளியே சத்தம் ஓய ஓய, காதுக்குள்ளே சத்தம் ஏறுகிறது.

"காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு" என்பார் ஒருவர். "குக்கர் விசில் அடங்கவே மாட்டேங்குது" என்பார் இன்னொருவர். மலையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தவருக்கு, வீட்டில் வந்து படுத்த பிறகும் டிரையர் மோட்டார் ஓடுவது போலவே இருக்கும்.

"ஏங்க, உங்களுக்கு ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே... பேசாமப் படு!"

பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்காது. எதிர்வீட்டுக்காரருக்கும் கேட்காது. கேட்கிறவருக்கு மட்டும் விடிய விடியக் கேட்கும்.

இது பேய், பிசாசு வேலை அல்ல. மனப்பிராந்தியும் அல்ல. காது இரைச்சல் என்பது இதன் பெயர். டாக்டர்கள் "டின்னிட்டஸ்" என்கிறார்கள். இது தனியாக ஒரு வியாதி இல்லை. காதிலோ, கேட்கும் நரம்பிலோ, உடம்பில் வேறெங்கோ இருக்கும் ஒரு கோளாறின் அறிகுறி. காய்ச்சல் எப்படியோ, அப்படி!

74 கோடிப் பேர்!

"எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று புலம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகம் முழுவதும் 74 கோடிக்கும் அதிகமான பெரியவர்களுக்குக் காது இரைச்சல் இருப்பதாக 2022ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவர்களில் 12 கோடிக்கும் அதிகமானோருக்கு அது பெரும் தொல்லையாக இருக்கிறதாம்.

புது வியாதியும் அல்ல. சுஸ்ருத சம்ஹிதை 28 வகைக் காது நோய்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. காதில் நாதம் கேட்பதும் அதில் ஒன்று.

ஜெர்மன் சங்கீத மேதை பீத்தோவனை இந்தச் சத்தம் பாடாய்ப் படுத்தியது. காது இரவும் பகலும் இரைகிறது என்று 1801ல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 30தான்! செக் நாட்டு இசை மேதை ஸ்மெத்தனாவுக்கு 1874ல் காது அடியோடு கேட்காமல் போயிற்று. அதற்கு முன் தன் காதுக்குள் அடித்த கூர்மையான ஒற்றை ஒலியை, 1876ல் எழுதிய வயலின் குழு இசையில் அப்படியே சேர்த்துவிட்டார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

உள்காதில் நத்தைக்கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. பட்டாணி அளவுதான். அதற்குள்ளே சுமார் 15 ஆயிரம் நுண்ணிய மயிரிழை அணுக்கள் இருக்கின்றன. வெளியே எழும் சத்தம் இவற்றை அசைக்கும். அசைவு மின்சாரமாக மாறி, நரம்பு வழியாக மூளைக்குப் போகும்.

ஏலச்செடியில் ஒரு தண்டு பட்டுப்போனால் பக்கத்திலேயே புதுத் தண்டு முளைக்கும். மனிதக் காதில் இந்த அணுக்கள் அப்படி முளைப்பதில்லை. பிறக்கும்போது இருப்பதுதான் ஆயுளுக்கும் முதல்!

அணுக்கள் சில செத்துவிட்டால், அந்த இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி வராது. மூளை சும்மா இருக்குமா? ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக விழாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? வால்யூமை ஏற்றுகிறோம். பாட்டு வருவதற்குப் பதில் "உஸ்ஸ்" என்ற இரைச்சல்தான் பெரிதாகும். மூளையும் அதைத்தான் செய்கிறது என்பது இன்று பெரும்பாலான நிபுணர்கள் ஏற்கும் விளக்கம். சத்தம் தொடங்குவது காதில், பெரிதாவது மூளையில்.

அமெரிக்காவில் 1953ல் ஒரு சோதனை நடந்தது. நன்றாகக் காது கேட்கும் 80 பேரை, வெளிச்சத்தமே புகாத அறையில் உட்கார வைத்தார்கள். என்ன கேட்கிறது என்று விசாரித்தார்கள். 100க்கு 94 பேர் வீதம் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள்! அறையில் சத்தம் எதுவும் இல்லை. ஆக, லேசான இரைச்சல் பலர் காதிலும் உண்டு. ஊர்ச் சத்தத்தில் அது அமுங்கிக் கிடக்கிறது. ராத்திரியில் தொல்லை கூடுவதன் ரகசியமும் இதுதான்.

மலைக்குத்தான் கொண்டை ஊசி!

புதிதாகக் காது இரைய ஆரம்பித்தால் காரணம் என்ன? சில நேரம் மிகச் சாதாரணமானதுதான்.

முதல் சந்தேகம் குறும்பி. காது அழுக்கு கல்லாக இறுகி அடைத்தாலே இரைச்சல் வரும். டாக்டர் அதை எடுத்துவிட்டால் பலருக்கு அந்த நிமிஷமே சத்தம் நின்றுவிடும். ஆனால் நம் ஆட்கள் செய்வது என்ன? கொண்டை ஊசி, தீக்குச்சி, சாவி, பேனா மூடி என்று கையில் கிடைத்ததை எல்லாம் விட்டுக் குடைகிறார்கள். குறும்பி இன்னும் உள்ளே போய் அடைக்கும். செவிப்பறை கிழிந்தாலும் ஆச்சரியம் இல்லை. கொண்டை ஊசி போடி மெட்டு மலைப்பாதைக்கு இருக்கட்டும், காதுக்கு வேண்டாம்!

இரண்டாவது, ஜலதோஷமும் மலை ஏற்றமும். போடி அடிவாரத்தில் இருக்கிறது. முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடி மெட்டு 4 ஆயிரம் அடிக்கும் மேலே நிற்கிறது. அங்கிருந்து பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் காலையில் ஏறி, மாலையில் இறங்குகிறார்கள். ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். இறங்க இறங்கக் கூடும். காதையும் தொண்டையையும் இணைக்கும் மெல்லிய குழாய் திறந்து மூடி இதைச் சமன் செய்கிறது. சளி பிடித்திருந்தால் குழாய் திறக்காது. காது அடைக்கும், வலிக்கும், இரையும்.

இதற்குக் கைவைத்தியம் சுலபம். எச்சில் விழுங்குங்கள். மிட்டாய் சப்புங்கள். கொட்டாவி விடுங்கள். இறங்கும்போது ஜீப்பில் தூங்காமல் இருப்பது நல்லது. இந்த இரைச்சல் பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஒரு வாரம் ஆகியும் அடைப்பு விடவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது, நெசமாவே பூச்சி! தோட்டத்தில் வேலை செய்கிறவர் காதில் சிறு பூச்சி புகுவது உண்டு. இது ஒரு காதில் மட்டும் இருக்கும். படபடவென்று அடிக்கும், நகரும், வலிக்கும். குச்சி விட்டுக் குத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மோட்டார் சத்தம் செய்யும் மோசம்

இனி வருவதுதான் முக்கியமான காரணம். பலத்த சத்தம்.

ஏலமலை என்றால் அமைதியான இடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். மருந்தடிக்க மோட்டார், களை வெட்ட மெஷின், மரம் அறுக்க மெஷின் வாள், காய் உலர்த்தும் ஸ்டோரில் காற்றாடி மோட்டார், போதாக்குறைக்கு ஜீப் என்ஜின். பல மணி நேரம் இவற்றின் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் பாதுகாப்புக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிஷம்தான்! மரம் அறுக்கும் மெஷின் வாள் 100ஐச் சாதாரணமாகத் தாண்டும்.

கையில் அளவுகோல் இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி. ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அந்தச் சத்தம் காதுக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

திருவிழா வேட்டுக்கும், கூம்பு ஒலிபெருக்கிக்கும் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தாலும் காது "ஙொய்" என்று கத்தும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று அலட்சியம் வேண்டாம். அது காது கொடுக்கும் முதல் எச்சரிக்கை! திரும்பத் திரும்ப அடி விழுந்தால் ஒருநாள் சத்தம் போகாமலே தங்கிவிடும்.

பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பஞ்சால் பெரிய பயன் இல்லை. நுரைப்பஞ்சில் செய்த காது அடைப்பான் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. விலை அதிகம் இல்லை. விரலால் உருட்டிச் சுருக்கி, காதில் வைத்து, அது விரியும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரையும் காரணம் ஆகலாம்

சில மருந்துகளும் காதைப் பதம் பார்க்கும். மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா என்னும் குவினைன் மாத்திரை காதை இரைய வைக்கும் என்பது பல தலைமுறைகளாகத் தெரிந்த சங்கதி. அதிக அளவு ஆஸ்பிரின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. மருந்து தொடங்கிய பிறகு இரைச்சல் வந்தால், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். சொல்லாமல் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

வயதானால் காது மந்தமாகும். அதோடு இரைச்சலும் சேரும். ரத்த சோகை, தைராய்டு கோளாறு, தாடை மூட்டுக் கோளாறு, தலைசுற்றலோடு வரும் உள்காது நோய் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. எத்தனை சோதனை செய்தும் காரணம் பிடிபடாதவர்களும் உண்டு.

பாடகிக்கு வந்த சோதனை

இவ்வளவையும்விட அவசரமான ஒன்று இருக்கிறது.

2024 ஜூன் மாதம் பிரபல இந்திப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் வெளியிட்ட செய்தி ரசிகர்களைத் திடுக்கிட வைத்தது. சில வாரங்களுக்கு முன் விமானத்தை விட்டு இறங்கி நடந்தபோது, திடீரென்று எதுவுமே காதில் விழவில்லை என்று அவர் தெரிவித்தார். வைரஸ் தாக்குதலால் கேட்கும் நரம்பு பாதிக்கப்பட்டதாக டாக்டர்கள் கூறினார்கள் என்றும் சொன்னார். சத்தமான பாட்டு, ஹெட்போன் விஷயத்தில் உஷாராக இருங்கள் என்று ரசிகர்களையும் இளம் கலைஞர்களையும் எச்சரித்தார்.

காதே ஆதாரமான ஒரு பாடகிக்கு வந்தது, மலையில் காய் எடுக்கிறவருக்கும் வரலாம். காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு காது அடைத்தது போல் இருக்கும். பலமாக இரையும். "சளிதான், சரியாப் போயிரும்" என்று நினைத்துவிடுவார்கள். அப்பத்தா கொஞ்சம் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவார். ஒரு வாரம் போகும். இன்னொரு வாரமும் போகும்.

அங்கேதான் மோசம்! இந்தத் திடீர்ச் செவிட்டுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். அதை முதல் சில நாட்களிலேயே, கடைசி பட்சம் 2 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம். நாள் கடந்தால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். சளி என்று நினைத்துக் கழித்த நாட்கள் திரும்பி வராது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். போனில் யாரையாவது பேசச் சொல்லி, இந்தக் காதில் ஒருமுறை, அந்தக் காதில் ஒருமுறை வைத்துக் கேளுங்கள். ஒரு காதில் மட்டும் குரல் கம்மினாலோ, கேட்கவே இல்லை என்றாலோ, அன்றைக்கே காது டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. செவிப்பறையில் ஓட்டை இருப்பது நமக்குத் தெரியாது. ஊற்றிய எண்ணெய் உள்ளே இறங்கினால் சீழ் பிடிக்கும். சூடு கூடிவிட்டால் புண்ணும் ஆகும்.

இந்த அறிகுறி இருந்தால் ஓடுங்கள்!

• திடீரென்று ஒரு காதோ இரு காதுமோ கேட்காமல் போவது.

• நாடித் துடிப்போடு சேர்ந்து "தம் தம்" என்று இரைவது. இது ரத்தக் குழாய்க் கோளாறாக இருக்கலாம், ஸ்கேன் தேவைப்படும்.

• ஒரு காதில் மட்டும் இரைச்சல் நிற்காமல் இருப்பது. அபூர்வமாக, கேட்கும் நரம்பில் சிறு கட்டி இருந்தாலும் இப்படி வரும்.

• இரைச்சலோடு தலைசுற்றல், முகம் கோணுதல், கை கால் மரத்தல்.

• தலையில் அடிபட்ட பிறகு வரும் இரைச்சல், காதில் சீழ் அல்லது ரத்தம்.

போகுமா, போகாதா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். "டாக்டரய்யா, இது எப்பதான் போகும்?"

குறும்பி, சளி, மருந்து போன்ற காரணம் என்றால், காரணம் நீங்கினால் இரைச்சலும் பெரும்பாலும் நீங்கும். பலத்த சத்தத்தாலோ, காரணம் தெரியாமலோ வந்ததென்றால் உறுதி சொல்ல முடியாது. சில வாரங்களில் போகிறவர்கள் உண்டு. சில மாதங்களில் குறைகிறவர்கள் உண்டு. 6 மாதத்தைத் தாண்டினால் அது நீடித்த இரைச்சல் என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள்.

அப்போதும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சத்தம் இருந்தாலும் அதன் தொல்லை குறையும். புதிதாக மில்லுக்குப் பக்கத்தில் குடிவந்தவருக்கு முதல் மாதம் தூக்கம் வராது. அப்புறம் மில் ஓடுவதே தெரியாது. மில் நின்றுவிட்டதா? இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது! "இதனால் ஆபத்து இல்லை" என்று மூளை முடிவு கட்டிவிட்டது. காது இரைச்சலிலும் இதே கதைதான். பயப்படப் பயப்படச் சத்தம் பெரிதாகும். பயம் போனால் அது பின்னால் போகும். விஞ்ஞானி ஜாஸ்ட்ரெபோஃப் 1990ல் இந்த விளக்கத்தைக் கொடுத்தார். அதை வைத்தே மூளையைப் பழக்கும் பயிற்சி ஒன்றும் உருவானது.

இன்றுள்ள வழிகள்

இரைச்சலை அப்படியே நிறுத்தும் மாத்திரை என்று ஒன்று உலகத்தில் இதுவரை இல்லை. "ஒரே வாரத்தில் குணம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். ஜிங்கோ என்ற இலைச்சத்து மாத்திரையும் பலன் தருவதாக நிரூபணம் ஆகவில்லை.

பலன் தருபவை இவைதான்:

காது மந்தம் இருந்தால் காது கேட்கும் கருவி. வெளிச்சத்தம் நன்றாகக் காதில் விழுந்தாலே உள்ளே இரைவது அமுங்கும்.

தூங்கும் அறையில் மெல்லிய சத்தம். மின்விசிறி போதும். கோடைப் பண்பலையைச் சன்னமாக ஓடவிடலாம். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்கக் கூடாது. அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.

மனப் பயிற்சி. இரைச்சலைப் பற்றிய பயத்தையும் எண்ணத்தையும் மாற்றும் இந்த முறைக்குத்தான் ஆராய்ச்சியில் வலுவான ஆதாரம் கிடைத்திருக்கிறது. சத்தத்தின் அளவை இது குறைக்காது, வேதனையைக் குறைக்கும்.

அமெரிக்க அரசு 2023 மார்ச்சில் "லெனைர்" என்ற கருவிக்கு அனுமதி கொடுத்தது. காதில் ஒலியும், நாக்கில் லேசான மின் துடிப்பும் தரும் கருவி அது. எல்லாருக்கும் குணம் ஆகும் என்று சொல்லிவிட முடியாது.

செய்யக் கூடாத ஒன்றும் இருக்கிறது. சத்தத்துக்குப் பயந்து நாள் முழுவதும் காதை அடைத்துக்கொண்டு, அமைதியான அறையில் முடங்கக் கூடாது. அமைதி கூடக் கூட இரைச்சல்தான் பெரிதாகத் தெரியும். காது அடைப்பான் மோட்டார் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் போதும்.

எங்கே போவது?

போடி அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காட்டலாம். அங்கிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ போகலாம். 2010 கடைசியில் நின்ற போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் மீண்டும் ஓட ஆரம்பித்துவிட்டதால் மதுரைக்குப் போய்வருவது இப்போது சிரமம் இல்லை.

போகும்போது இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சத்தம் என்றைக்கு ஆரம்பித்தது? ஒரு காதா, இரண்டு காதா? விட்டு விட்டா, ஓயாமலா? எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? என்ன வேலை, எந்த மோட்டார் பக்கத்தில், எத்தனை மணி நேரம்? கடைசிக் கேள்வியை டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள். கேட்கும் திறன் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

தூக்கம் இல்லாமல், யாரும் நம்பாமல், மனம் உடைந்து போகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எனக்குக் கேக்கலையே" என்று சொல்லித் திரும்பிப் படுக்காதீர்கள். உங்களுக்குக் கேட்காது. கேட்கிறவரை மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்!